வாயாடியும் இலைக்கோழியும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று முதல் நான் பேசக் கூடாது.

குரல்நாணில் கடுகளவு ஒரு கட்டி இருந்ததாம். எடுத்துவிட்டார்கள். கடுகளவுதான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

டாக்டர் மீனலோசனிக்கு என் மகள் வயதுதான் இருக்கும். தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “ரெண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது சார். கிசுகிசுக்கவும் கூடாது, அது கத்துறதவிட மோசம். இருமல் வந்தாக்கூட பைய இருமுங்க” என்றார். நான் ஒரு சந்தேகம் கேட்கக் கையை உயர்த்தி வாயைத் திறந்தேன். “பாத்தீங்களா, இப்பவே ஆரம்பிச்சாச்சு” என்றார். பக்கத்தில் நின்ற என் மனைவி செண்பகவல்லி சிரித்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து அவள் சிரித்தது இதுதான் முதல் முறை.

பிற்காலத்தில் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். நான் கனகசபாபதி. மதுரையில் ஒரு கல்லூரியில் வணிகவியல் வாத்தியார். அது வயிற்றுக்கு. மற்ற நேரமெல்லாம் பட்டிமன்றப் பேச்சாளர். தென்மாவட்டங்களில் அம்மன் கோயில் உள்ள எந்த ஊரிலும் என் குரல் நுழையாத வீடு கிடையாது. கதவைச் சாத்தினாலும் நுழையும், குழாய் ஒலிபெருக்கி அப்படி. விழாக் கமிட்டிகள் எனக்குக் கொடுத்த பட்டங்கள்: சொற்சூறாவளி, நகைச்சுவைப் புயல், பேச்சுப் பெருமழை. மொத்தத்தில் ஒரு வானிலை அறிக்கை.

அந்தப் புயல் இப்போது நகைக்கடை கொடுத்த இலவச டைரியில் கரையைக் கடந்துகொண்டிருக்கிறது.

மார்ச் 5, புதன்

பேசவில்லை.

மார்ச் 6, வியாழன்

பேசவில்லை. கனவில் பேசினேன். கைதட்டல்கூடக் கிடைத்தது. கனவில் பேசுவது சேர்த்தியா என்று டாக்டரைக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது?

மார்ச் 8, சனி

தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரை ஒரு தட்டு, காபி என்றால் இரண்டு தட்டு என்று வீட்டில் ஒரு மொழியை உருவாக்கி வைத்திருந்தேன். இன்று காலை மூன்று தட்டினேன்.

“மூணுக்கு என்னங்க அர்த்தம்?” என்றாள் செண்பகவல்லி.

காபியில் சீனி இல்லை என்று அர்த்தம். அதைத் தட்டிக் காட்ட முடியவில்லை.

“கோயில் மணி மாதிரி இப்பிடித் தட்டிக்கிட்டே இருந்தீங்கன்னா, நீங்க பேசினாலே தேவலைன்னு நானே டாக்டர்ட்ட போய்ச் சொல்லிருவேன்” என்றாள்.

மகள் நிறைமதி பெங்களூரிலிருந்து அழைத்தாள். அவள் பேசுவது எனக்கும் கேட்கட்டும் என்று இவள் ஸ்பீக்கரில் போட்டாள். “அம்மா, அவர வீட்டுக்குள்ள வச்சிருந்தா ரெண்டு பேருல ஒருத்தர்தான் மிஞ்சுவீங்க. என் அலமாரில கேமரா இருக்கு. கண்மாய்ப் பக்கம் அனுப்பு. பறவையப் படம் எடுக்கட்டும். அங்க வாயத் திறந்தாத்தான் தப்பு.”

கேமராவோடு ஒரு ஜூம் லென்ஸும் இருந்தது. மூடியிருக்கும்போது நம் வீட்டு டம்ளர் உயரம்தான். வளையத்தைத் திருகினால் ஆமை தலையை நீட்டுவதுபோல நீள்கிறது. சோதனைக்காக எதிர்வீட்டு மொட்டைமாடியைப் பார்த்தேன். கொடியில் காயும் பனியனின் ஓட்டைவரை தெரிந்தது. மரியாதையாகத் திருப்பிக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

சுற்றுச்சாலையைத் தாண்டிப் பனையூரணிக் கண்மாய். ஒரு பக்கம் ஊர்ச் சாக்கடை வந்து கலக்கிறது. மறுபக்கம் ஆகாயத்தாமரை. நடுவில் எங்கெங்கிருந்தோ வந்த பறவைகள். அவ்வளவு தூரம் பறந்து வந்து இந்த நாற்றத்தில் ஏன் தங்குகின்றன என்று புரியவில்லை. தீபாவளிக்கு மாமனார் வீட்டில் நான் தங்கியதும் யாருக்கும் புரியாமல்தான் இருந்தது.

கரையில் ஒரு மனிதர் நின்றார். இலை தழை அச்சிட்ட சட்டை, இலை தழை அச்சிட்ட தொப்பி. லென்ஸுக்கும் அதே துணியில் உறை. லென்ஸ் என்றா சொன்னேன்? பீரங்கி. முக்காலியில் ஏற்றி வைத்திருந்தார். இவ்வளவு மறைந்துகொண்டவர் காலில் மட்டும் ஆரஞ்சு நிறச் செருப்பு. பெயர் தேவாசீர். பாளையங்கோட்டைக்காரர். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். இத்தனையும் நான் கேட்காமலே சொன்னார்.

‘பேச முடியாது’ என்று எழுதிய அட்டையை நீட்டினேன்.

“அடப் பாவமே, பொறவியிலேயே இப்பிடியா அண்ணாச்சி?” என்றார். நான் தலையைக் குறுக்கே ஆட்டினேனா நெடுக்கே ஆட்டினேனா என்று அவர் கவனிக்கவில்லை. “ஒரு வகைல நல்லதாப் போச்சு. இங்க வாரவன் பூரா சளசளன்னு பேசியே பறவைய வெரட்டிருதான்.”

பிறகு வெயில் ஏறும்வரை அவர்தான் பேசினார். குறுக்கே பேசாத ஒரு ஆளை அவர் வாழ்நாளில் முதல்முறையாகச் சந்தித்திருக்கிறார். கிளம்பும்போது என் லென்ஸை எடுத்துப் பார்த்தார். “இது என்னது, மூக்குப்பொடி டப்பாவா?”

மார்ச் 10, திங்கள்

நேற்று எடுத்த படங்கள்: வானம். வானம். ஒரு வால். மிக மிகத் தெளிவான கோரைப்புல், அதன் பின்னால் மங்கலாகக் கூழைக்கடா. தலையில்லாத கொக்கு. மறுபடி வானம்.

ஒன்றே ஒன்று தேறியது என்று இவளிடம் காட்டினேன்.

“இதுல பறவ எங்கங்க?”

தொட்டுக் காட்டினேன். தூசி என்று நினைத்துப் புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்தாள். போகவில்லை. “ஆமா, பறவதான்” என்றாள்.

மார்ச் 12, புதன்

கொஞ்சம் பிடிபடுகிறது. சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். நின்றுகொண்டு எடுக்கக் கூடாது, உட்கார வேண்டும். என் வயிறு அனுமதித்தால் படுக்க வேண்டும். பறவையை நோக்கிப் போகக் கூடாது, அது நம்மை மறக்கும்வரை காத்திருக்க வேண்டும். என்னை யாரும் மறக்கக் கூடாது என்பதற்காகவே இத்தனை காலம் உழைத்தவனுக்கு இது சற்றுச் சிரமம்.

“அண்ணாச்சி! செண்பகம் குளிக்குது, வாங்க வாங்க!” என்று தேவாசீர் கத்தினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகுதான் புதரோரம் அந்தப் பறவையைப் பார்த்தேன். சிவந்த கண், கலைந்த தலை, யாரையோ திட்டிவிட்டு வந்தது போன்ற நடை. பெயர்ப் பொருத்தம் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. டைரியை இவள் எடுத்துப் படிக்கமாட்டாள் என்று நம்புகிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது. தேவாசீர் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டே, “நேத்து டிவில பழைய பட்டிமன்றம் ஒண்ணு போட்டான். கனகசபாபதின்னு ஒருத்தன் வருவான், பாத்திருக்கியளா? என்னா சத்தம்! என் எஞ்சின் ஹாரன் தேவல. அவன் எந்திரிச்சாலே நான் வால்யூமக் கொறச்சிருவேன். படத்த மட்டும் பாத்தாச் சிரிப்பா இருக்கும்” என்றார்.

தொப்பி, ஒரு வாரத் தாடி, கழுத்தைச் சுற்றித் துண்டு. அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நான் டீயை வாங்கிக் குடித்தேன்.

இதெல்லாம் என்னைப் பாதிக்காது. முதலாவது, அந்த நிகழ்ச்சியில் மைக் சரியில்லை. இரண்டாவது, எதிரணியில் பேசியவர் என்னைவிடச் சத்தம், அவரை மிஞ்ச வேண்டியிருந்தது. மூன்றாவது, கடைசி வரிசையில் சுண்டல் விற்கிறவருக்கும் கேட்க வேண்டும் என்பது என் கொள்கை. நான்காவது, ரயில் ஓட்டியவருக்குக் காது மந்தமாகத்தான் இருக்கும், அவர் சத்தத்தைப் பற்றிப் பேசலாமா? ஐந்தாவது, படத்தை மட்டும் பார்த்தாலும் சிரிப்பு வருகிறது என்றால் அது கலையின் வெற்றி.

பாதிக்கவே இல்லை.

மார்ச் 14, வெள்ளி

இன்று ஒரு பறவையைப் பார்த்தேன். நீளவால் இலைக்கோழி. வெள்ளை இறகு, பிடரியில் பொன் பூசியதுபோல மஞ்சள், அரிவாள்போல் வளைந்த வால். கால்விரல்கள் மட்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கியதுபோல அத்தனை நீளம். அதனால்தான் அல்லி இலைமேல் மூழ்காமல் நடக்கிறது.

தேவாசீர் விளக்கினார். பெண் பறவை முட்டையிட்டதோடு சரி. அடுத்த துணையைத் தேடிப் போய்விடும். அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் ஆண். “இந்தா உக்காந்திருக்கான் பாருங்க, மாப்பிள்ள. வெயிலு, பருந்து, நாயி எல்லாம் இவன் பாடு.”

எனக்குக் கண்ணீர் வராத குறை. குடும்பப் பாரத்தைச் சுமப்பது ஆணே என்ற அணியில் எத்தனை ஊரில் பேசியிருக்கிறேன்! இப்படியொரு சாட்சி சாக்கடை ஓரம் உட்கார்ந்திருப்பது தெரியாமல் போய்விட்டதே. படுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, பத்துப் பதினைந்து படம் எடுத்தேன். ஒன்றில் கண்ணில் ஒளிப்புள்ளிகூட விழுந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து இவளிடம் காட்டி, சங்கதியை எழுதியும் காட்டினேன்.

“பொண்டாட்டி எங்க?”

‘அடுத்தவனோடு போய்விட்டது’ என்று எழுதினேன்.

“கெட்டிக்காரி” என்றாள்.

பிறகு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். “கீரைக்கார அக்கா இன்னைக்குக் கேட்டுச்சு. ‘உங்க வீட்டுக்காரர் டிவில சொன்னாரே, நீங்க சுட்ட இட்லிய எறிஞ்சா நாய் செத்துரும்னு, நெசமா?’ன்னு.”

நான் புருவத்தை உயர்த்தினேன்.

“‘நெசந்தான், நாய்தான் செத்துச்சு, அவரு நல்லாத்தான் இருக்காரு’ன்னேன்.”

எழுந்து உள்ளே போய்விட்டாள். வெண்டைக்காய் பாதியில் கிடந்தது.

நல்ல பதில். மேடையில் எடுபடும், குறித்து வைக்கிறேன். இன்று காற்று அதிகம். மற்ற படங்கள் எல்லாம் ஆடிப்போய்விட்டன.

மார்ச் 15, சனி

எங்கள் பட்டிமன்ற நடுவர் புலவர் ஏகாம்பரத்திடமிருந்து குறுஞ்செய்தி. பங்குனித் திருவிழா நிகழ்ச்சிகளுக்கு என் இடத்தில் வேறு ஒரு தம்பியை ஏற்பாடு செய்துவிட்டாராம். ‘உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தம்பி உங்கள் பாணியிலேயே பேசுகிறார், சத்தம்கூட அப்படியே.’

கட்டைவிரல் படத்தை அனுப்பினேன். அந்தத் தம்பிக்குத் தொண்டை நன்றாக இருக்கட்டும்.

மார்ச் 17, திங்கள்

நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று இவள் நினைவுபடுத்தினாள். எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், அதன் முடிவு. நான் காலண்டரைப் பார்த்தேன். நாளைக்கு முட்டை பொரிக்க வாய்ப்பிருக்கிறது என்று எழுதிக் காட்டினேன். எப்போது இட்ட முட்டை என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் வாய்ப்பிருக்கிறது.

“சரி, நான் மட்டும் போயிட்டு வாரேன்” என்றாள்.

மார்ச் 18, செவ்வாய்

முட்டை பொரியவில்லை.

தேவாசீர் இன்று வரவில்லை. கரையில் நான் மட்டும் படுத்துக்கிடந்தேன். ஒரு பஞ்சுருட்டான் பறந்துபோய் மின்கம்பியில் உட்கார்ந்தது. லென்ஸால் அதைத் தொடர்ந்தேன். கம்பி சாலைப் பக்கம் போகிறது. அங்கே ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது இவள்.

கண்மாய்ப் பக்கமே வராதவள். ஜூமை முழுதாகத் திருகினேன்.

ஆட்டோக்காரரிடம் ஏதோ சொன்னாள், அவர் எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார். இவள் ஆட்டோவின் பின்பக்கம் போய், ஒரு கையால் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. வாய் திறந்திருந்தது. அந்தத் தூரத்திலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. என் காதருகே ஒரு ஈ பறந்துகொண்டிருந்தது, அது மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்துப் பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து முகத்தைக் கழுவினாள். துடைத்தாள். ஆட்டோவின் பக்கக் கண்ணாடியில் குனிந்து பொட்டைச் சரிசெய்தாள். அந்தக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துப் பார்த்தாள். சரியாக வரவில்லை. இன்னொரு முறை சிரித்துப் பார்த்தாள். இரண்டாவது பரவாயில்லை. அதை அப்படியே வைத்துக்கொண்டு கரையில் ஏறி நடந்து வந்தாள்.

நான் படம் எடுக்கவில்லை. கேமராவை அணைத்துவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“இங்கதான் இருக்கீங்களா? அப்பா, என்னா நாத்தம்!” பக்கத்தில் உட்கார்ந்தாள். “டாக்டரம்மாவப் பாத்துட்டு வாரேன். நல்லவேளை, ஆரம்பத்துலயே பிடிச்சுட்டாங்களாம். இன்னொரு தடவ லேசர் வச்சு ஓரத்தச் சுத்தம் பண்ணணுமாம். அதுவரைக்கும் பேசக் கூடாதாம். அம்புட்டுதான். பயப்பட ஒண்ணும் இல்லைன்னாங்க.”

தலையாட்டினேன்.

“எங்க உங்க கோழி? காட்டுங்க.”

கேமராவைக் கொடுத்தேன். கண்ணில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். அணைத்து வைத்த கேமரா. கருப்பாகத்தான் தெரிந்திருக்கும். நான் சொல்லவில்லை.

“நல்லா இருக்கு” என்றாள்.

மார்ச் 19, புதன்

கரையில் ஒரு நண்டு. நல்ல வெளிச்சம், நல்ல படம். ஆங்கில ராசிபலனில் நண்டுக்கு என்ன பெயர் என்று நினைவு வந்தது. அழித்துவிட்டேன். தமிழில் எத்தனையோ சொல் இருக்கிறது. ஒரு சொல்லை மட்டும் இந்த வீட்டில் நாங்கள் யாரும் சொல்வதில்லை. நான் எழுதுவதும் இல்லை.

மார்ச் 21, வெள்ளி

இன்று ஒரு மனிதரைச் செருப்பால் அடித்தேன்.

விராலடிப்பான் ஒன்று வந்தது. மீனைக் காலில் இடுக்கியபடி தலைக்கு மேலே வட்டமடித்தது. தேவாசீர் பீரங்கியை முக்காலியிலிருந்து கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு, அண்ணாந்தபடியே பின்னால் நடந்தார். ஒரு அடி, இன்னொரு அடி. அவருக்குப் பின்னால் பழைய மடை. மூடி போன குழி, ஆளைவிட ஆழம். மேலே ஆகாயத்தாமரை படர்ந்து புல்தரைபோலக் கிடந்தது. நேற்று என் குடையை விட்டுப் பார்த்திருக்கிறேன், அடி தட்டவில்லை.

நான் தூரத்தில் இருந்தேன். கத்தினால் நிற்பார். எத்தனையோ மேடையில் கத்தியிருக்கிறேன், ஒருவர் உயிருக்குக்கூடத் தேவைப்படாத விஷயத்துக்கெல்லாம். வாயைத் திறந்துவிட்டேன். அடுத்த வாரம் மறுபடி லேசர். கை முந்திக்கொண்டது. செருப்பைக் கழற்றி வீசினேன்.

என் வாழ்நாளில் நான் குறி பார்த்து எறிந்து பட்ட பொருள் இது ஒன்றுதான். நடுமுதுகு. கண்மாயில் இருந்த அத்தனை பறவையும் ஒரே நேரத்தில் எழுந்தது.

“எவம்லே அது!” என்று திரும்பினார். “ஊமைன்னு பாவம் பாத்து டீ குடுத்தா, செருப்பையா எறியுதீரு? மூளை கெட்டுப் போச்சா ஓய்?” என்று என்னை நோக்கி வர எத்தனித்தபோது வலது கால் சறுக்கி முழங்கால்வரை உள்ளே போனது. அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். பீரங்கியைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டார். நான் ஓடிப்போய்க் கைகொடுத்து இழுத்தேன். காலை எடுத்ததும் ஆகாயத்தாமரை விலகி, கருப்பாகத் தண்ணீர் தெரிந்தது.

அவர் அந்தக் கருந்தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். 

“எனக்கு நீச்சல் தெரியாது அண்ணாச்சி” என்றார் பிறகு.

தன் காரில் என்னை வீட்டில் விட்டே தீருவேன் என்று பிடிவாதம். கூடத்துக்குள் வந்தவர் சுவரைப் பார்த்தார். கேடயங்கள். பொன்னாடையோடு நான். மைக்கைக் கடித்துவிடுவதுபோல நான். மறுபடி என்னைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றியிருந்தேன்.

“நீங்க...”

“ஆமாங்க, அவரேதான். டிவில வால்யூமக் கொறச்சு வச்சுப் பாப்பீங்களாமே” என்றாள் இவள், மோரை நீட்டியபடி. ஆக, டைரியைப் படித்திருக்கிறாள்.

அந்த மோரை அவர் குடித்து முடிக்க வெகுநேரம் ஆனது. கிளம்பும்போது இவள் வாசல்வரை போய் அவரிடம் என்னவோ சொன்னாள். அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையிலிருந்து என்ன சொன்னாள் என்று தெரிந்தது. அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறாள்.

மார்ச் 23, ஞாயிறு

நாளைக்கு லேசர். டாக்டர் மீனலோசனி எதையும் மறைத்துப் பேசுகிற ஆள் இல்லை. “குரல் மாறும் சார். கரகரப்பா இருக்கும். பழையபடி கத்த முடியாது.”

‘மேடை?’ என்று எழுதினேன்.

“அதான் மைக் கண்டுபிடிச்சிருக்காங்களே” என்றார்.

மார்ச் 24, திங்கள்

முடிந்தது. விழித்தபோது இவள் கை என் நெற்றியில் இருந்தது. தட்டுவதற்கு டம்ளர் ஏதும் பக்கத்தில் இல்லை.

மார்ச் 29, சனி

மறுபடி மௌனம். கண்மாய்க்குப் போகத் தடை, தூசியாம்.

தேவாசீர் தினமும் வருகிறார். இலைக்கோழி நிலவரத்தை ரயில்வே அறிவிப்புபோல ஒப்பிக்கிறார். இன்னும் உட்கார்ந்திருக்கிறதாம். பருந்து வந்ததாம், காலை நொண்டுவதுபோல நடித்து அதைத் தூர இழுத்துப் போனதாம். இவள் கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்று கேட்டாள். “நடிச்சுச்சா? ஆம்பளையா?” என்றாள். தேவாசீர் நொண்டியே காட்டினார். இவள் சிரித்துச் சிரித்துக் கரண்டியைக் கீழே போட்டாள்.

இவளைச் சிரிக்க வைப்பது என் தொழில் என்று நினைத்திருந்தேன். யோசித்தால், ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அது போகட்டும். தேவாசீர் பஜ்ஜி நிறையச் சாப்பிடுகிறார்.

ஏப்ரல் 5, சனி

பொரிந்துவிட்டது!

மூவரும் போனோம். இவள் பழைய சுடிதாரும் என் தொப்பியுமாக. தகப்பன் கரைக்கு வெகு அருகில், அல்லி இலைமேல் நின்றது. அதைச் சுற்றி எலுமிச்சை அளவில் நான்கு குஞ்சுகள், அளவுக்கு மீறிய கால்களோடு தடுக்கித் தடுக்கி நடந்தன.

தேவாசீர் பீரங்கியைத் திருப்பினார். திருகினார். மறுபடி திருகினார். “ச்சே! ரொம்பக் கிட்ட வந்துட்டான் அண்ணாச்சி. இது தூரத்துல இருந்தாத்தான் பிடிக்கும். பின்னால போனா வெருண்டுருவான்.” பின்னால் போகிற யோசனையே அவருக்கு இப்போது ஒத்துவருவதில்லை.

என் சின்ன லென்ஸுக்கு அந்தச் சிக்கல் இல்லை. எடுத்தேன். ஆனால் கண்ணில் வைக்கவில்லை. இவளிடம் நீட்டினேன். இவள் வாங்கிக்கொண்டாள். குப்புறப் படுத்தாள். “எதுங்க அமுக்கணும்? இதுவா?” நான் அவள் விரலைப் பிடித்து அந்தப் பொத்தான்மேல் வைத்தேன்.

எங்கோ ஆள்காட்டிக் குருவி கத்தியது. தகப்பன் உடனே இலையில் குந்தி, இறகை விரித்தது. குஞ்சுகள் நான்கும் உள்ளே புகுந்துவிட்டன. வெளியே ஒரு பறவை, அதற்குக் கீழே வரிசையாகப் பிள்ளைக் கால்கள்.

இவள் அமுக்கினாள்.

தேவாசீர் படத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். “பத்து வருஷமா வாரேன். இந்தப் படம் எங்கிட்ட இல்ல, மயினி” என்றார். அண்ணாச்சியின் மனைவி என்ற முறையில் மயினி ஆகிவிட்டாள்.

நிறைமதிக்கு அனுப்பினோம். ‘அப்பா, சூப்பர்!’ என்று பதில். நான் திருத்தவில்லை. இவள் திருத்தினாள்.

ஏப்ரல் 9, புதன்

ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறதாம். மாதாமாதம் வந்து காட்ட வேண்டும். “இப்போதைக்கு நிம்மதியா இருக்கலாம்” என்றார் டாக்டர். ‘இப்போதைக்கு’ என்ற சொல்லை நானும் இவளும் ஒரே நேரத்தில் கவனித்தோம்.

“எங்க, ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் எண்ணுங்க.”

சொற்சூறாவளியின் மறுபிரவேசம் இப்படித்தான் நடந்தது: ஒன்று, இரண்டு, மூன்று. துருப்பிடித்த கேட்டை யாரோ மெல்லத் திறப்பதுபோல ஒரு சத்தம். அது என்னுடையதாம். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் பேசலாமாம்.

ஆட்டோவில் வரும்போது பேசினேன்.

“அன்னைக்குக் கண்மாய்ல... ஆட்டோ பின்னாடி நின்னு அழுதியே. பாத்தேன்.”

“தெரியும்” என்றாள் இவள். “உங்க லென்சு வெயில்ல மின்னுச்சு.”

“அப்புறம் எதுக்குச் சிரிச்சுக்கிட்டு வந்த?”

“நீங்க எதுக்கு ஆஃப் பண்ணின கேமராவக் குடுத்தீங்க? அதுக்குத்தான்.”

சிக்னலில் வண்டி நின்றது.

“பயமா இருந்துச்சாங்க?”

“ம்.”

“எனக்குந்தான்.”

ஐந்து நிமிடத்தில் பெரும்பகுதி மிச்சம் இருந்தது. வீடு வரும்வரை இருவரும் அதைத் தொடவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் சித்திரைப் பொங்கல். புலவர் ஏகாம்பரம் விடவில்லை. “சும்மா வந்து உட்காருங்க. முடிஞ்சா ரெண்டு வார்த்தை.” தலைப்பு: குடும்பத்தில் மகிழ்ச்சி நிலைப்பது பேச்சாலா, மௌனத்தாலா? மனுஷன் வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார். நான் மௌனத்தின் அணி.

என் இடத்தில் வந்த தம்பி எனக்கு முன்னால் பேசினான். நல்ல சத்தம். முன்வரிசையில் இருந்தவர்கள் வழக்கம்போல முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, சிரித்துக்கொண்டு கேட்டார்கள். என்னையும் இப்படித்தான் கேட்டிருக்கிறார்கள்.

என்னை அழைத்தார் நடுவர். எழுந்தேன். சூறாவளி, புயல், பெருமழை மூன்றையும் சொல்லி வரவேற்றார்கள். கைதட்டல் அடங்கியது.

“வணக்கம்” என்றேன்.

அதே துருப்பிடித்த கேட் திறந்தது. கூட்டத்தில் யாரோ, “மைக்கு சரியில்லப்பா!” என்றார்கள். ஒலிபெருக்கிக்காரர் ஓடிவந்து ஒயரை ஆட்டினார், மைக்கைத் தட்டினார்.

“மைக் நல்லா இருக்குய்யா” என்றேன். “ஆளுதான் ரிப்பேரு. புற்றுநோய். தொண்டைல.”

சிரிப்பதா வேண்டாமா என்று ஊர் தயங்கியது. நானும் தயங்கினேன். அந்தச் சொல்லை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு அது மற்றச் சொற்களைப்போலத்தான் இருந்தது.

முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். கிளம்புகிறார் என்று நினைத்தேன். பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடைக்குக் கீழே வந்து போட்டு உட்கார்ந்து, காதை என் பக்கம் திருப்பினார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் வந்தார். பின்னால் இருந்த பெண்கள் நாற்காலியை இழுத்தார்கள். மண்ணில் நாற்காலி இழுபடும் சத்தம் வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. சுண்டல்காரர்கூடக் கூடையை இறக்கிவைத்துவிட்டு முன்னால் வந்தார்.

எல்லோரும் வந்த பிறகும் ஒரு நாற்காலி மட்டும் இழுபட்டுக்கொண்டிருந்தது. இவள். யாருக்கும் வழிவிடாமல், நேராக, தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து அந்தப் பெரியவருக்கும் முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

“ம், பேசுங்க” என்றாள்.

என்ன பேசுவதென்று அப்போதுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.